வயது வந்தபின் செவி கற்குமா?



நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஒரு மொழியைக் கற்க முற்படுவோரைப் பார்த்து, "இந்த வயதில் இது எதற்கு? இனி நாக்கு வளையுமா?" என்று கேட்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். நாவைப் பற்றி இப்படிப் பலரும் பேசுகின்றனர். ஆனால் செவியைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. பிறமொழி ஒலியைச் சரியாக உச்சரிக்க இயலாத பலருக்கு முதல் இடையூறு நாவில் இருப்பதில்லை. அந்த ஒலியை வேறொன்றிலிருந்து பிரித்தறிய அவர்களுடைய செவி பழகவில்லை என்பதே உண்மை. செவி பிரித்தறியாததை நா எவ்வாறு பிரித்துச் சொல்லும்?

பழகாத செவியை வயது வந்தபின் பழக்க முடியுமா? இக்கேள்விக்கு விடை காண ஒரு தெளிவான உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஸ்பானிய மொழியைக் கற்கும்போது, சொல்லின் எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்பதைக் கேட்டறிவதில் படும் சிரமமே அந்த உதாரணம். இது ஏதோ இலக்கண ஆசிரியர்களின் சிறு கவலை என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்பானிய மொழி சுமார் 50 கோடி மக்களின் தாய்மொழி. 20 நாடுகளில் அரசு மொழியாக வழங்குவது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மட்டும் 4 கோடிக்கும் மேற்பட்டோர் தங்கள் வீடுகளில் அதனைப் பேசுகின்றனர். அங்கே மருத்துவர்கள், செவிலியர்கள், ஆசிரியர்கள், காவலர்கள் எனப் பலர் வயது வந்தபின் தொழிலின் பொருட்டு ஸ்பானிய மொழியைக் கற்கின்றனர்.

ஒரு மருத்துவமனையை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். முதியவர் ஒருவர் படுத்திருக்கிறார். அவருடைய மகள் மாத்திரையைக் காட்டி 'தோமோ' என்று ஒரு சொல் சொல்கிறாள். முதல் அசையில் அழுத்தம் விழுந்தால் 'நான் உட்கொள்கிறேன்' என்று பொருள். அழுத்தம் கடைசி அசையில் விழுந்தாலோ 'அவர் உட்கொண்டார்' என்று பொருள். 'நான்', 'அவர்' என்னும் சொற்களைத் தமிழைப் போலவே ஸ்பானிய மொழியும் பெரும்பாலும் விட்டுவிடும். ஆகவே மாத்திரை யாருடையது, அது உண்ணப்பட்டுவிட்டதா என்னும் இரண்டு செய்திகளும் அந்த அழுத்தத்தில்தான் அடங்கியிருக்கின்றன. அதைத் தவறவிட்ட செவிலியர் மறுபடி கேட்டுத் தெளிய வேண்டும். தவறவிட்டதையே அவர் அறியாதிருந்தால் மறுபடி கேட்கவும் மாட்டார்.

ஒரே எழுத்துகள், மூன்று பொருள்கள்

அழுத்தம் என்றால் என்ன? ஒரு சொல்லின் அசைகளுள் ஒன்றை மற்றவற்றைவிட எடுப்பாகச் சொல்வதே அழுத்தம். ஸ்பானிய மொழியில் இந்த எடுப்பு மூன்று வழிகளில் உண்டாகிறது. அந்த அசையில் குரல் ஏறவோ இறங்கவோ தொடங்கும். அந்த அசை சற்று நீளும். அதன் ஓசை சற்று உரக்கும். மூன்றும் கலந்தே வரும். எது எவ்வளவு என்பது வாக்கியத்துக்கு வாக்கியம் மாறும்.

தமிழ்ச் செவிக்கு இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நமக்குக் குறில், நெடில் வேறுபாடு நன்கு தெரியும். 'படு' வேறு, 'பாடு' வேறு. ஆனால் ஸ்பானிய அழுத்தம் நெடில் அன்று. நீளம் அதில் ஒரு பகுதியே. தமிழில் அழுத்தத்தை இடம் மாற்றுவதால் ஒரு சொல் வேறு சொல்லாக மாறுவதில்லை. ஸ்பானிய மொழியில் மாறும்.

'தெர்மினோ' என்னும் சொல்லைப் பாருங்கள். முதல் அசையில் அழுத்தம் வந்தால் 'முடிவு, எல்லை, கலைச்சொல்' என்று பொருள்படும். நடு அசையில் வந்தால் 'நான் முடிக்கிறேன்' என்றாகும். கடைசி அசையில் வந்தால் 'அவர் முடித்தார்' என்றாகும். 'பப்பா' என்பதில் முதல் அசையில் அழுத்தம் விழுந்தால் தென் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு. கடைசி அசையில் விழுந்தால் தந்தை. 'எஸ்தா' என்பது முதல் அசை அழுத்தத்தில் 'இந்த' என்றும், இரண்டாம் அசை அழுத்தத்தில் 'இருக்கிறது' என்றும் பொருள்படும். இவை அபூர்வமான சொற்கள் அல்ல. அன்றாடப் பேச்சில் நிமிடத்துக்கு ஒருமுறை வருபவை. வினைச்சொற்களில் 'நான் இன்று', 'அவர் நேற்று' என்னும் வேறுபாடே பல இடங்களில் அழுத்தத்தால் மட்டும் அமைகிறது.

அர்ஜென்டினாவில் இன்னொரு நுட்பம் உண்டு. 'நீ பேசுகிறாய்' என்பதற்கு ஸ்பெயின் நாட்டவர் முதல் அசையை அழுத்துவர். அர்ஜென்டினாவினர் அதே சொல்லின் கடைசி அசையை அழுத்துவர். அங்கே அழுத்தத்தைக் கேட்டே பேசுபவரின் நாட்டையும் ஊகிக்கலாம்.

அந்தலூசியா விட்டுச் சென்ற சொற்கள்

711ஆம் ஆண்டு தொடங்கி, 1492இல் கிரனாடா கைமாறும் வரை ஸ்பெயின் மண்ணில் அரபு மொழி பேசப்பட்டதை அறிவீர்கள். அதன் தடங்கள் ஸ்பானிய மொழியில் ஆயிரக்கணக்கான சொற்களாக இன்றும் வாழ்கின்றன. அரபியில் சொல்லுக்கு முன் வரும் 'அல்' என்பதையும் சேர்த்தே ஸ்பானியர் பல சொற்களை எடுத்துக்கொண்டனர். அவற்றில் மூன்றைக் கொண்டே அழுத்தத்தின் மூன்று நிலைகளையும் கற்றுவிடலாம்.

கணிதத்தின் 'அல்ஜப்ர்' அங்கே 'அல்ஹெப்ரா' ஆயிற்று. அழுத்தம் முதல் அசையில். சர்க்கரையைக் குறிக்கும் 'அஸ்ஸுக்கர்' அங்கே 'அசுகர்' ஆயிற்று. அழுத்தம் நடுவில் உள்ள 'சு'வில். பருத்தியைக் குறிக்கும் 'அல்குத்ன்' அங்கே 'அல்கொதொன்' ஆயிற்று. அழுத்தம் கடைசி அசையில். 'அப்படி நடக்கக் கூடாதா' என்று ஆசைப்படும்போது ஸ்பானியர் எல்லோரும் சொல்லும் 'ஒஹலா' என்னும் சொல்லும், இறைவன் நாடினால் என்னும் பொருளுள்ள அரபுத் தொடரிலிருந்து வந்ததே. அதன் அழுத்தம் கடைசி அசையில் விழும்.

எழுத்தில் இது சிக்கலே இல்லை. உயிரெழுத்திலோ, 'ன்', 'ஸ்' ஒலிகளிலோ முடியும் சொல்லுக்கு ஈற்றுக்கு முந்தைய அசையில் அழுத்தம். வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசையில் அழுத்தம். இவ்விதிக்கு மாறாக வரும் சொல்லின் மேல் ஒரு சிறு சாய்கோடு இடுவார்கள். மேலே சொன்ன நான்கு சொற்களுமே சாய்கோடு தாங்கியவை. ஆகவே புத்தகத்தைப் பார்த்துப் படிப்பவர் எந்தச் சொல்லிலும் அழுத்தம் எங்கே என்று கண்ணால் கண்டுகொள்வார். ஆனால் ஒருவர் பேசும்போது காற்றில் சாய்கோடு வருவதில்லை. ஆண்டுக் கணக்கில் புத்தகத்தில் கற்று, தேர்விலும் தேறியவர், எதிரே நின்று பேசுபவரிடம் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம்.

ஆங்கிலச் செவி எதைத் தேடுகிறது?

"ஆங்கிலத்திலும் அழுத்தம் உண்டே! பிறகு ஏன் அவர்களுக்குச் சிரமம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை அந்த ஆங்கில அழுத்தத்தின் இயல்பிலேயே இருக்கிறது.

ஆங்கிலத்தில் அழுத்தம் இல்லாத அசையின் உயிரொலி பெரும்பாலும் மங்கிப்போகும். வாழைப்பழத்தைக் குறிக்கும் 'பனானா' என்னும் சொல்லை ஓர் ஆங்கிலேயர் சொல்வதைக் கவனித்தால், நடுவில் உள்ள 'னா' மட்டும் முழுமையாக ஒலிக்கும். முன்னும் பின்னும் உள்ளவை 'அ'வும் இல்லாமல் 'எ'வும் இல்லாமல் தேய்ந்துவிடும். 'போட்டோகிராப்' என்னும் சொல்லில் முழுமையாக ஒலிக்கும் முதல் அசை, 'போட்டோகிராபி' என்று நீளும்போது மங்கிவிடும். பிறந்தது முதல் இதையே கேட்டு வளர்ந்த ஆங்கிலச் செவி, 'முழு உயிரொலி எங்கேயோ அங்கேதான் அழுத்தம்' என்று கண்டுகொள்கிறது. குரலின் ஏற்றத்தையும் நீளத்தையும் அது கேட்காமலில்லை. ஆயினும் எளிதான அடையாளம் கையில் இருக்கும்போது மற்றவற்றை நாட வேண்டிய தேவை எழுவதில்லை.

ஆங்கிலத்தில் உயிரொலி மங்காமல், அழுத்தத்தால் மட்டும் வேறுபடும் சொல் இணைகள் மிகச் சிலவே. நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் 'டிரஸ்டி' என்போமே, அந்தச் சொல் ஆங்கிலத்தில் கடைசி அசை அழுத்தத்துடன் வந்தால் சொத்தைக் காக்கும் பொறுப்பாளர். முதல் அசை அழுத்தத்துடன் வந்தால் நம்பத்தக்க என்று பொருள். இத்தகைய இணைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனவே அழுத்தத்தைத் தனியே கவனிக்காவிட்டாலும் ஆங்கிலத்தில் யாருக்கும் பெரிய நட்டமில்லை. மொழியியலாளர் ஆன் கட்லர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய இணைகளைக் கேட்கும் ஆங்கிலேயரின் மனம் அழுத்தத்தைக் கொண்டு ஒன்றை உடனே விலக்கிவிடுவதில்லை. இரு சொற்களும் ஒருங்கே நினைவில் எழுகின்றன என்று காட்டினார்.

ஸ்பானியச் செவியோ அழுத்தத்தை வீணாக்குவதில்லை. 'பிரின்சிபே' என்றால் இளவரசன். அழுத்தம் முதல் அசையில். 'பிரின்சிபியோ' என்றால் தொடக்கம், அழுத்தம் 'சி'யில். இரண்டும் 'பிரின்சி' என்றே தொடங்குகின்றன. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய சொற்களின் முற்பகுதியை மட்டும் ஸ்பானியருக்குக் கேட்கச் செய்தனர். அழுத்தம் பொருந்தாதபோது சரியான சொல்லை அடையாளம் காண அவர்களுக்குத் தாமதம் ஆயிற்று. அதாவது சொல் முடியும்வரை காத்திராமல், அழுத்தத்தைக் கொண்டே அவர்கள் பாதியில் சொல்லைத் தெரிவு செய்துவிடுகிறார்கள்.

இப்போது ஆங்கிலச் செவியின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஸ்பானிய மொழிக்கு ஐந்தே உயிரொலிகள். அழுத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஐந்தும் முழுமையாகவே ஒலிக்கும். மங்கிய அசையைத் தேடிப் பழகிய செவிக்கு மங்கியது எதுவுமே அகப்படுவதில்லை. எல்லா அசைகளும் அழுத்தம் பெற்றவை போலவே தோன்றுகின்றன. இதற்கு மேல் இன்னொரு பழக்கமும் குறுக்கிடுகிறது. ஆங்கில உரையாடலில் வரும் பொருளுள்ள சொற்களில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது, முழு உயிரொலி பெற்ற அசையில்தான் தொடங்குகின்றன. எடுப்பான அசையைக் கேட்டதும் 'இதோ புதுச் சொல் தொடங்குகிறது' என்று கொள்வது ஆங்கிலச் செவியின் வழக்கம். ஸ்பானியப் பேச்சில் இவ்வழக்கம் சொல்லின் எல்லையையே தவறாகக் காட்டிவிடும்.

தொட்டிலில் தொடங்கும் பழக்கம்

இப்பழக்கம் எப்போது உண்டாகிறது? நாம் நினைப்பதைவிட மிக முன்னதாகவே உண்டாகிறது. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் கனடாவில் ஆங்கிலம் பேசும் குடும்பங்களின் குழந்தைகளைக் கொண்டு நடத்திய புகழ்பெற்ற ஆய்வு 1984இல் வெளிவந்தது. இந்தியில் உள்ள 'த' வகை ஒலியையும் 'ட' வகை ஒலியையும் அக்குழந்தைகளுக்குக் கேட்கச் செய்தனர். தமிழராகிய நமக்கு 'பத்து', 'பட்டு' என்னும் வேறுபாடு சிறிதும் சிரமமில்லாதது. ஆங்கிலம் பேசும் பெரியவர்களுக்கோ அது எளிதில் விளங்காது. ஆனால் ஆறு முதல் எட்டு மாதமுள்ள ஆங்கிலக் குழந்தைகள் அவ்வேறுபாட்டைக் கண்டுகொண்டன! பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அத்திறன் பெருமளவு குன்றிவிட்டது. குழந்தை பேசத் தொடங்குமுன்பே அதன் செவி தன் வீட்டு மொழிக்குத் தேவையானதைப் பற்றிக்கொண்டு, தேவையற்றதை ஒதுக்கத் தொடங்கிவிடுகிறது.

அழுத்தத்திலும் இதே கதைதான். 2009இல் வெளியான ஆய்வொன்றில், ஒன்பது மாதமுள்ள ஸ்பானியக் குழந்தைகள் பலவகைப் பொருளற்ற சொற்களில் அழுத்தத்தின் இடத்தைப் பிரித்தறிந்தன. அதே வயதுப் பிரெஞ்சுக் குழந்தைகள் பிரித்தறியவில்லை. காரணம், பிரெஞ்சு மொழியில் எடுப்பு எப்போதும் சொற்றொடரின் இறுதியிலேயே விழும். இடம் மாறாத ஒன்றைக் கவனித்து ஆவதென்ன?

பிரெஞ்சுப் பெரியவர்களின் இந்நிலையை 1997இல் எமானுவேல் துப்பூ என்னும் ஆய்வாளரும் அவர்தம் தோழர்களும் விரிவாக ஆராய்ந்து, அதனை 'அழுத்தச் செவிடு' என்று சற்றுக் கடுமையாகவே அழைத்தனர். 2008இல் வந்த தொடர் ஆய்வில், ஸ்பானிய மொழியை நன்கு கற்றுத் தேர்ந்த பிரெஞ்சுக்காரர்களிடமும் இக்குறை நீடிப்பது தெரியவந்தது. இங்கே ஒரு பாடம் உண்டு: மொழியோடு பழகுவதால் மட்டும் செவி தானாகத் திருந்திவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

ஆங்கிலம் பேசுவோரின் நிலை இவ்வளவு கடினமானதன்று. அழுத்தம் என்னும் கருத்து அவர்களுக்குப் புதிதில்லை. அவர்கள் தேடும் அடையாளம்தான் வேறு. அடையாளத்தை மாற்றிக்கொள்ளக் கற்றுத் தரலாம். பயிற்சிக்கு இடம் தரும் வாசல் இதுவே.

பயிற்சி பலித்ததும் பலிக்காததும்

வயது வந்தோர் செவியைப் பயிற்றும் ஆராய்ச்சிக்கு வித்திட்டவர்கள் ஜப்பானியர் எனலாம். ஆங்கில 'ர', 'ல' ஒலிகளைப் பிரித்தறிவது அவர்களுக்குப் பெரும்பாடு. 1984இல் வெளியான ஓர் ஆய்வில், கணிப்பொறியால் செயற்கையாக உண்டாக்கிய ஒலிகளைக் கொண்டு ஜப்பானியப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தனர். அந்தச் செயற்கை ஒலிகளில் அவர்கள் தேறினர். ஆனால் மனிதர் பேசும் இயல்பான சொற்களில் பழைய தடுமாற்றம் அப்படியே இருந்தது.

பிறகு அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் வேறு வழியை நாடினர். இயற்கையான சொற்களை, ஒருவர் அல்ல, ஐந்து பேர் குரலில் பதிவு செய்தனர். கேட்பவர் விடை சொன்னதும் அது சரியா தவறா என்று உடனுக்குடன் தெரிவித்தனர். 1991இல் வெளியான அவ்வாய்வில், 15 அமர்வுகளுக்குப் பின் சரியான விடைகள் 78 விழுக்காட்டிலிருந்து 86 விழுக்காட்டுக்கு உயர்ந்தன. 1993இல் ஒரே ஒருவரின் குரலை மட்டும் கொண்டு பயிற்றிப் பார்த்தனர். அந்தக் குரலில் தேறியவர்கள் புதிய குரலில் தேறவில்லை. 1994இல் வந்த ஆய்வில், பயிற்சியின் பயன் மூன்று மாதம் கழித்தும் நிலைத்திருந்தது. 1997இல் வந்த ஆய்வோ வியப்பூட்டும் செய்தியைச் சொன்னது. கேட்கும் பயிற்சி மட்டுமே பெற்று, உச்சரிப்புப் பயிற்சி எதுவும் பெறாதவர்களின் உச்சரிப்பும் சீர்பட்டிருந்தது! செவி திறந்தால் நாவும் தொடரும் என்பதற்கு இது சான்று.

எனினும் பல குரல்கள் ஒரு குரலைவிட எப்போதும் சிறந்தவை என்று முடிவு கட்டிவிட இயலாது. முற்கால ஆய்வுகளில் கலந்துகொண்டோர் மிகச் சிலரே. 2022இல் இதே சோதனையைப் பெருந்தொகையினரைக் கொண்டு மீண்டும் நடத்தியபோது இரு வகைப் பயிற்சியாளரும் முன்னேறினர். பல குரல்களின் மேன்மை முன்பு எண்ணியதுபோல் தெளிவாகத் தென்படவில்லை. வயது வந்தோர் செவி பயிற்சியால் முன்னேறும் என்ற உண்மை மட்டும் இரு காலத்திலும் மாறவில்லை.

ஆங்கிலம் பேசுவோருக்கு மிக நெருங்கிய சான்று 1999இல் கிடைத்தது. சீன மொழியில் குரலின் ஏற்ற இறக்கமே சொல்லின் பொருளை மாற்றும். அமெரிக்க மாணவர்களுக்கு இரண்டு வாரங்களில் எட்டு அமர்வுகள் பயிற்சி அளித்தனர். அவர்களின் சரியான விடைகள் சராசரியாக 21 விழுக்காடு கூடின. கேட்டறியாத புதிய சொற்களிலும் புதிய குரல்களிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆறு மாதங்களுக்குப் பின் சோதித்தபோதும் அது குறையவில்லை. குரலின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லின் பகுதியாகக் கேட்க ஆங்கிலச் செவிக்கு முடியும் என்பது இதனால் உறுதியாயிற்று. ஸ்பானிய அழுத்தத்துக்கும் இதே திறன்தான் வேண்டும்.

பயிற்சியை எப்படி அமைப்பது?

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், ஸ்பானிய அழுத்தத்துக்கான செவிப்பயிற்சியின் படிகள் விளங்கும்.

முதற்படி, எதைத் தேடக் கூடாது என்று அறிவது. மங்கிய உயிரொலியைத் தேடாதீர், அது வராது என்று மாணவருக்கு வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். நீளத்தையும் குரலின் நகர்வையும் கவனிக்கச் சொல்ல வேண்டும். வயது வந்தோருக்குக் காரணம் சொன்னால் விளங்கும். குழந்தைக்கு இல்லாத இந்த வசதியை விட்டுவிடலாகாது.

இரண்டாம் படி, இணைச் சொற்கள். 'தோமோ' இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்து, 'நானா, அவரா?' என்று பொருளைக் கேட்க வேண்டும். விடை சொன்னவுடன் சரியா தவறா என்று கூறி, தவறாயின் அதே ஒலியை மீண்டும் கேட்கச் செய்ய வேண்டும். ஒரு வாரம் கழித்துத் திருத்தித் தரும் விடைத்தாள் செவிக்குப் பயன்படாது. ஒலியின் நினைவு சில நொடிகளில் மறைந்துவிடும்.

மூன்றாம் படி, குரல்களை மாற்றுவது. ஆண், பெண், முதியவர், இளைஞர், மெக்சிகோக்காரர், ஸ்பெயின்காரர் எனப் பலர் பேசுவதைக் கேட்க வேண்டும். ஒருவர் குரல் இயல்பாகவே மேலோங்கியிருக்கும். ஒருவர் இழுத்துப் பேசுவார். யார் பேசினாலும் மாறாமல் நிற்பது எது என்று செவி கண்டுகொள்ள வேண்டும்.

நான்காம் படியே கடினமானது. தனிச்சொல்லிலிருந்து வாக்கியத்துக்குச் செல்வது. தனியே சொல்லும்போது அழுத்தம் பளிச்சென்று தெரியும். வாக்கியத்தின் நடுவே வரும்போதோ, குரலின் உச்சம் பெரும்பாலும் அழுத்தமுள்ள அசையைக் கடந்து அடுத்த அசையில் போய் நிற்கும். உச்சத்தைத் தேடுபவர் ஓர் அசை தள்ளிக் குறித்துவிடுவார். ஏற்றம் எங்கே தொடங்குகிறது என்று கேட்கப் பழக வேண்டும். கேள்வி வாக்கியத்தில் இறுதியில் குரல் ஏறும். அதைக் கடைசி அசையின் அழுத்தம் என்று கொள்ளவும் கூடாது. எனவே ஒரே சொல்லைத் தனியாக, செய்தியாக, கேள்வியாக, வாக்கியத்தின் முதலில், நடுவில், ஈற்றில் வைத்துப் பழக்குவது அவசியம்.

ஐந்தாம் படி, சோதனை. பயிற்சியில் கேட்ட சொற்களில் தேறுவது மனப்பாடமாகவும் இருக்கலாம். கேட்காத சொல்லையும் கேட்காத குரலையும் கொடுத்து, அங்கும் தேறினால்தான் செவி கற்றது என்று பொருள்.

இத்தனைக்கும் வேண்டியது பெரும் பொருளோ ஆய்வுக்கூடமோ அன்று. பதிவு செய்த சில குரல்களும், நாள்தோறும் சிறிது நேரமும், விடையை உடனே சொல்லும் ஒரு துணையும் போதும். ஒரே நாளில் மூன்று மணி நேரம் கேட்டுக் களைப்பதைவிட, நாளுக்குச் சிறிதாகப் பல நாட்கள் கேட்பதே நன்று.

எல்லையும் ஆறுதலும்

பயிற்சி பெற்றவர் எல்லாம் தாய்மொழியாளர் போல் ஆகிவிடுவார் என்று நான் சொல்லவில்லை. ஜப்பானியரின் 86 விழுக்காடு நூறு ஆகவில்லை. அவசரப் பேச்சிலும் இரைச்சலிலும் பழைய பழக்கம் தலைதூக்கத்தான் செய்யும். எல்லோரும் ஒரே அளவில் முன்னேறுவதுமில்லை. அதனால் மருத்துவமனை போன்ற இடங்களில் 'நீங்களா, அவரா?' என்று மறுமுறை கேட்டு உறுதி செய்வதைப் பயிற்சி பெற்றவரும் கைவிடக் கூடாது. ஆனால் பயிற்சி அவருக்கு ஒரு பெரிய நன்மையைச் செய்துவிடுகிறது. எங்கே ஐயம் எழ வேண்டுமோ அங்கே ஐயம் எழும். முன்பு வேறுபாடே கேட்காத செவிக்கு, இப்போது 'இது அதுவாகவும் இருக்கலாம்' என்னும் விழிப்பு வந்துவிடுகிறது.

வாசகர்களே! ஸ்பானிய மொழியை நம்மில் மிகச் சிலரே கற்கக்கூடும். ஆனால் பழகாத ஒலியைக் கேட்டறிய வேண்டிய தேவை நம் வீடுகளில் நாள்தோறும் இருக்கிறது. மதரஸாவில் பாடம் சொல்லிக் கொடுக்கும் எனக்கு, வயது வந்தபின் அரபு எழுத்துகளைக் கற்க வருவோரின் முகங்கள் நன்கு தெரியும். ஸீனுக்கும் ஸாதுக்கும் உள்ள வேறுபாட்டைப் பத்து முறை சொல்லிக் காட்டியும் அவர்களுக்கு விளங்காதபோது, "எனக்கு நாக்கு திரும்பவில்லை" என்று வெட்கத்தோடு சொல்வார்கள். நாக்கைத் திருப்பும் முன், அவ்விரு ஒலிகளும் அவர்கள் செவியில் இரண்டாகக் கேட்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. கேட்கவில்லையெனில் அதட்டுவதால் பயனில்லை. 'இது ஸீனா, ஸாதா?' என்று பலர் குரலில் கேட்கச் செய்து, விடையை உடனே திருத்தி, பொறுமையோடு பழக்கிப் பாருங்கள்.

உங்கள் வீட்டில் ஓர் உம்மாவோ, வெளிநாட்டுக்குப் பிழைக்கச் செல்லும் ஒரு தம்பியோ புதிய மொழியின் ஒலியைப் பிரித்தறிய முடியாமல் திணறினால், வயதைச் சொல்லிக் கேலி செய்யாதீர்கள். தொட்டிலில் பழகிய செவி அது. வேறொன்றைப் பழகிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இன்னும் இருக்கிறது. அதற்குத் தேவை சில வாரங்களும், பல குரல்களும், அருகில் அமர்ந்து தவறைக் கனிவோடு சுட்டிக்காட்டும் ஒரு மனிதருமே. அந்த மனிதராக நீங்களே இருக்கலாம்.